மாமியார் வீட்டுப் பொட்டு

இளம்பரிதி சிங்கப்பூரிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வந்து சேர்ந்தான். கப்பல் பட்டறையில் அவனோடு வேலை செய்த ஒருவர் விமானத்தில் டப்பாவை மடியிலேயே வைத்துக் கொண்டுவந்து, கே.ஜி.கண்டிகையில் அவன் வீட்டில் கொடுத்துவிட்டு, காபி கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். டப்பாவின் மேல் அவன் பெயரும் ஒரு நீண்ட எண்ணும் ஒட்டியிருந்தன.

அந்தக் குடும்பத்தில் இதற்கு முன் யாரையும் எரித்ததில்லை. இறந்தவர்களைச் சொந்த நிலத்திலேயே புதைப்பார்கள். கிணற்றுக்கு மேற்கே அவன் அப்பாவைப் புதைத்த இடம் இருக்கிறது. சாம்பலை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கடைசியில் டப்பாவை ஒரு துணிப்பையில் போட்டு மோட்டார் கொட்டகையில் ஆணியில் மாட்டினார்கள்.

எரிக்கச் சொன்னது அவன் மனைவி சுதா. மேலிருந்து இரும்புத் தகடு விழுந்துவிட்டது, உடம்பு அனுப்புகிற நிலையில் இல்லை என்று கம்பெனியிலிருந்து போன் வந்தபோது, அவள்தான் சரி என்று சொன்னாள். மாமியார் மணியம்மை அப்போது மயங்கிக் கிடந்தாள். கண்விழித்ததும் அவள் கேட்டது அதைத்தான்.

"பொதைக்க வேண்டியவனை எரிக்கச் சொல்லிட்டியா?"

அதற்குப் பிறகு மருமகளிடம் அவள் அதிகம் பேசவில்லை. சோறு தின்றாயா, கதவைச் சாத்து, அவ்வளவுதான்.

காரியம் முடிந்தது. சுதாவின் கழுத்திலிருந்து தாலியைக் கழற்றினார்கள். மணியம்மை அதை ஒரு மஞ்சள் துணியில் முடிந்து தன் பீரோவில் வைத்துக்கொண்டாள். வருகிற அமாவாசையன்று சாம்பலை ஒரு நல்ல பாத்திரத்தில் போட்டு, அப்பாவுக்குப் பக்கத்தில் புதைத்துவிடுவது என்று முடிவானது. அது முடிந்ததும் சுதா பொதட்டூர்பேட்டைக்கு, தன் அம்மா எல்லம்மாள் வீட்டுக்குப் போய்விடுவாள் என்பதும் யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே முடிவாகியிருந்தது. குழந்தை இல்லை. இந்த வீட்டில் இருப்பதற்கு வேறு காரணமும் இல்லை.

என்ன பாத்திரம் என்ற கேள்வியை எழுப்பியது அனிதா. இளம்பரிதியின் சின்னத் தங்கை. கல்யாணமாகி நியூஜெர்சியில் இருக்கிறாள். ஒருநாள் காலை வீடியோவில் வந்தாள். போனைப் பிடித்துக்கொண்டிருந்தது சுதா. ஒரு பக்கம் மணியம்மை. இன்னொரு பக்கம் பெரிய தங்கை கல்பனா. கனகம்மாசத்திரத்தில் வாழ்க்கைப்பட்டவள், அண்ணன் செய்தி வந்த நாளிலிருந்து இங்கேயே இருக்கிறாள்.

"இங்க இதுக்குன்னே தனியா விக்கிறாங்கம்மா. பாரு, எவ்ளோ அழகா இருக்குது" என்று அனிதா படங்களை ஒவ்வொன்றாக அனுப்பினாள். இதய வடிவத்தில் ஒரு ஜாடி. நீலப் பீங்கானில் வெள்ளைப் புறாக்கள் பறக்கிற ஜாடி. டால்பின் துள்ளுகிற ஒன்று.

"எங்கண்ணன் கப்பலுக்கு வெல்டிங் வச்சிக்கினு இருந்தான். கடல்ல நீந்திக்கினா இருந்தான்?" என்றாள் கல்பனா.

"சும்மா மாடலுக்குக் காட்றேன்கா."

"மண்ணுக்குள்ள போறதுக்கு இன்னாத்துக்குடி மாடலு? யாரு உள்ள எறங்கிப் பாக்கப் போறா?"

"அதுக்காக அந்த பிளாஸ்டிக் டப்பாவோடவே பொதைப்பியா? மாவு டப்பா மாதிரி இருக்குது."

மணியம்மை முடிவு சொன்னாள். "திருத்தணில பித்தளைல வாங்கிக்கலாம். மூடி போட்டதா. நல்லதா வாங்குங்க."

அடுத்ததாக அனிதா நகைகளைக் காட்டினாள். சங்கிலியில் கோக்கிற சின்னப் பதக்கங்கள். உள்ளே கூடாக இருக்கும். ஒரு சிட்டிகை சாம்பலைப் போட்டு மூடிவிடலாம். எத்தனையோ வடிவங்கள் இருந்தன. இறக்கை, பூட்டு, நட்சத்திரம். அனிதா பார்த்துப் பார்த்து எடுத்து வைத்திருந்தது கண்ணீர்த்துளி வடிவம்.

"எப்பவும் அண்ணன் கூடவே இருக்கிற மாதிரிம்மா. நீங்க அங்க செஞ்சி வைங்க. எங்க வூட்டுக்காரரோட சித்தப்பா அடுத்த மாசம் இங்க வர்றாரு, அவர்கிட்ட குடுத்து அனுப்புங்க. அம்மாவுக்கு ஒண்ணு, அக்காவுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. மூணும் ஒரே மாதிரி."

போனைப் பிடித்திருந்த சுதாவின் முகம் திரையின் ஓரத்தில் தெரிந்திருக்க வேண்டும். அனிதா கொஞ்சம் தடுமாறினாள்.

"அண்ணி, நீ தப்பா நெனைச்சிக்காத. உன்னை உடணும்னு இல்ல. நீ இனிமே கழுத்துல ஒண்ணும் போட்டுக்க முடியாது இல்ல. அதான்."

"ஆங்" என்றாள் சுதா.

"ஸ்டீலு, வெள்ளி எல்லாம் வேணாம்" என்றாள் மணியம்மை. "தங்கத்துல செய்யலாம். புதுசா வாங்கவும் வேணாம். இவ தாலி சும்மாதான கெடக்குது, அதை உருக்கிடலாம்."

சுதாவுக்குப் பதக்கத்தின் மேல் ஆசை இல்லை. டப்பாவில் இருப்பதில் ஒரு சிட்டிகை வேண்டும். பொதட்டூர்பேட்டைக்குப் போகும்போது அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போக வேண்டும். கேட்டால் மாமியார் கொடுக்க மாட்டாள். எரிக்கச் சொன்னவளுக்கு சாம்பல் வேறு வேண்டுமா என்பாள். அதனால் கேட்கவில்லை.

மூத்த மகன் பச்சையப்பன் மோட்டார் கொட்டகைக்குப் போய், தேக்கரண்டியால் கொஞ்சம் சாம்பலை எடுத்து ஒரு மாத்திரை டப்பாவில் போட்டுக் கொடுத்தான். மஞ்சள் துணி முடிச்சை மணியம்மை கல்பனாவிடம் கொடுத்தாள். மாத்திரை டப்பா சுதாவின் கைப்பைக்குள் போனது. திருத்தணியில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சராக இருப்பதால், எந்தக் கடை எங்கே என்று அவளுக்குத்தான் தெரியும். இருவரும் பஸ் ஏறினார்கள்.

அன்று கிருத்திகை என்பதை இரண்டு பேருமே மறந்துவிட்டிருந்தார்கள்.

பஸ் ஸ்டாண்டிலிருந்தே கூட்டம். மஞ்சள் வேட்டி, மொட்டைத் தலையில் சந்தனம், தெலுங்கில் கத்தி ஒருவரையொருவர் தேடுகிற குடும்பங்கள். மலையடிவாரத்தில் துளசிங்கம் பாத்திரக் கடையில் நிற்க இடமில்லை. எல்லோரும் பால்குடம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். துளசிங்கம் இவர்களைப் பார்த்ததும் மேல் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துத் துடைத்தார்.

"வாங்கம்மா. பால்குடமா? ஒண்ணு போதுமா, ஜோடியா வேணுமா?"

"மூடி போட்டதா ஒண்ணு வேணும்" என்றாள் கல்பனா.

"பால்குடத்துக்கு மூடி எதுக்கும்மா? வாழை இலை வச்சிக் கட்டிப்பீங்க."

"மலைக்கு இல்லீங்க."

"அப்ப சீரா? பொண்ணுக்கா, புள்ளைக்கா?"

கல்பனா ஒரு நொடி யோசித்தாள். "புள்ளைக்கு."

"ரொம்ப சந்தோசம். எப்பம்மா விசேஷம்?"

"அமாவாசைக்கு."

துளசிங்கம் துடைப்பதை நிறுத்தினார். "அமாவாசைல யாரும்மா விசேஷம் வைப்பாங்க?"

"எங்க வழக்கம்" என்றாள் கல்பனா.

சுதா அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள். அதற்குள் துளசிங்கம் ஒரு குடத்தைக் காட்டினார். வயிற்றில் வேலும் மயிலும் புடைப்பாக இருந்தன. இது வீட்டில் இருந்தால் லட்சுமி வாசற்படி தாண்ட மாட்டாள் என்றார். பொண்ணு மாப்பிள்ளை பேரை இந்தப் பக்கம் வெட்டித் தருகிறேன், மிஷின் இங்கேயே இருக்கிறது, பேருக்குக் காசு வாங்குவதில்லை என்றார்.

அந்த நேரத்தில் கல்பனாவின் போன் அடித்தது. அனிதா, வீடியோவில். அங்கே ராத்திரி. பாத்திரம் எடுக்கும்போது தானும் பார்க்க வேண்டும் என்று தூங்காமல் இருந்திருக்கிறாள். கல்பனா அவசரமாகத் திரையில் எதையோ தொட்டதில் ஸ்பீக்கர் போட்டுக்கொண்டது.

"அக்கா, அது ரொம்ப சின்னதா தெரியுதே. அண்ணன் சாம்பல் மொத்தமும் அதுல கொள்ளுமா?"

பால்குடம் வாங்க வந்த ஒரு அம்மா தன் குடத்தை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டடி தள்ளிப் போனாள். அவள் மகள் அவளைப் பார்த்துத் தானும் தள்ளிப் போனாள்.

துளசிங்கம் கோபப்படவில்லை. வேலும் மயிலும் போட்ட குடத்தை மட்டும் மெதுவாக எடுத்து மேல் தட்டில் வைத்தார்.

"மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் குரலைத் தாழ்த்தி. "அந்தப் பக்கமா வாங்க."

கடையின் பின்கட்டில் செம்புப் பாத்திரங்கள் இருந்தன. திருகு மூடி போட்டவை. காசிக்குப் போகிறவர்கள் தீர்த்தம் எடுத்துவர வாங்குவது என்றார்.

"எங்கம்மா பித்தளைலதான் வாங்கச் சொல்லுச்சி" என்றாள் கல்பனா.

"பித்தளைல இப்ப இருக்கிறதெல்லாம் வேல் போட்டது, இல்லன்னா ஓம் போட்டது. அதை மண்ணுல பொதைப்பீங்களா? சொல்லுங்க, குடுத்துடறேன்."

கல்பனா செம்புப் பக்கம் திரும்பினாள். போனிலிருந்து அனிதா, "ரொம்ப பிளெயினா இருக்குதே" என்றாள். "நீ கொஞ்சம் இரு" என்று கல்பனா போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். அங்கிருந்தும் அனிதாவின் குரல் வந்துகொண்டுதான் இருந்தது.

சுதா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். மூடியைத் திருகித் திறந்து, உள்ளே கையை விட்டாள். ஒன்றில் கை நுழையவில்லை. ஒன்று கீழே வைத்தால் ஆடியது. மூன்றாவது பரவாயில்லை. கழுத்தைச் சுற்றி ஒரு கொடி மட்டும் ஓடியது. அடிப்பாகம் அகலம். அதைத் தனியாக எடுத்து வைத்தாள். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. வீட்டில் இதற்காக இரண்டு வாரம் பேசியிருந்தார்கள்.

"பேரு வெட்டணுமா?" என்று கேட்டார் துளசிங்கம்.

"வெட்டுங்க. இளம்பரிதி."

"கீழ ஏதாவது?"

சீர்ப் பாத்திரமென்றால் கீழே கொடுத்தவர் பெயர் இருக்கும். அன்பளிப்பு என்று இருக்கும். இதற்குக் கீழே என்ன போடுவது என்று சுதாவுக்குத் தெரியவில்லை. "பேரு மட்டும் போதும்" என்றாள். மிஷின் கொஞ்ச நேரம் உறுமியது.

பேரம் பேசத் தயாராகத்தான் கல்பனா வந்திருந்தாள். அவள் வாயைத் திறக்கும் முன்பே துளசிங்கம் விலையைத் தானாகக் குறைத்துச் சொல்லி, பாத்திரத்தைப் பழைய பேப்பரில் சுற்றிப் பையில் போட்டு, பின்பக்கக் கதவைத் திறந்துவிட்டார். தெருவுக்கு வந்த பிறகும் அவளுக்கு ஆறவில்லை.

"கேக்காமயே குறைக்கிறான் அண்ணி. அப்ப கேட்டிருந்தா இன்னும் குறைச்சிருப்பான்."

"கல்பனா."

"இன்னா?"

"நம்மளை வெளிய அனுப்பினா போதும்னு குறைச்சாரு."

"அதான் சொல்றேன். இன்னும் கொஞ்ச நேரம் உள்ளயே நின்னிருக்கணும்."

காரியத்துக்குப் பிறகு சுதா சிரித்தது அப்போதுதான். சத்தமில்லாமல் சிரித்துவிட்டு நடந்தாள்.

சாமிநாதன் ஆசாரியின் பட்டறை கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. ஒரே அறை. ஒரு மர மேஜை, ஒரு கேஸ் டார்ச், கண்ணாடிப் பெட்டிக்குள் தராசு. வெளியே கிருத்திகைக் கூட்டத்தின் மேளச் சத்தம் கேட்டது. ஆசாரி மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அனிதா அனுப்பிய படத்தைப் பார்த்தார்.

"இது மாங்கா."

"கண்ணீர்த்துளிங்க" என்றாள் சுதா.

"மாங்காதாம்மா. காம்பு மேல இருக்குது பாரு. மாங்கா மாலைல எத்தினி செஞ்சிருக்கேன், எனக்குத் தெரியாதா? திருகாணி மூடியெல்லாம் நமக்கு வராது. தாயத்து மாதிரி பின்னால ஓட்டை வச்சி அரக்கால அடைச்சிடலாம். ஜன்மத்துக்கும் தொறக்காது."

"மாங்காவே செய்யுங்க" என்றாள் கல்பனா. "அவ அமெரிக்காவுல போய் கண்ணீர்னு சொல்லிக்கட்டும்."

"ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். சாம்பலை நான் தொட மாட்டேன். செஞ்சி வைக்கிறேன், நீங்களே உள்ள போடுங்க, நான் அரக்கு வச்சி மூடித் தரேன். தங்கம் கொண்டாந்தீங்களா?"

கல்பனா மஞ்சள் துணி முடிச்சை மேஜைமேல் அவிழ்த்தாள். சில தங்கக் குண்டுமணிகள். இரண்டு பொட்டு.

அந்தப் பக்கத்தில் ஆந்திர வழக்கமும் கலந்த குடும்பங்களில் தாலியில் இரண்டு பொட்டு இருக்கும். ரூபாய்க் காசைவிடச் சின்ன வட்டம், முன்பக்கம் குவிந்திருக்கும், உள்ளே அரக்கு அடைத்திருக்கும். ஒன்று பெண்ணின் அம்மா வீட்டில் போடுவது. இன்னொன்று மாப்பிள்ளை வீட்டில் போடுவது. இரண்டையும் ஒரே கயிற்றில் கோத்துக் கட்டுவார்கள்.

ஆசாரி கையை எடுத்துக்கொண்டார். "இதுல எது பொறந்த வூட்டுது?"

"இன்னாத்துக்கு? ரெண்டையும் உருக்கச் சொல்லிட்டாங்க" என்றாள் கல்பனா.

"யாரு சொன்னது?"

"எங்கம்மா."

"உங்கம்மா போட்டதை உங்கம்மா உருக்கலாம். அந்தப் பொண்ணோட அம்மா போட்டதை உருக்கச் சொல்ல உங்கம்மா யாரு? பொறந்த வூட்டுப் பொட்டு பொண்ணு கைக்குத்தான் போவும். வேற ஆசாரி செய்வான். நான் செய்ய மாட்டேன்."

கல்பனா வீட்டுக்குப் போன் போட்டாள். இந்த முறை வேண்டுமென்றே ஸ்பீக்கரில் போட்டாள், ஆசாரியும் கேட்கட்டும் என்று. மணியம்மை விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள்.

"சரி. அவங்கம்மாவுதை அவகிட்ட குடுத்துடு. நம்ம வூட்டுதை மட்டும் உருக்கு. கல்பனா, நல்லா கேட்டுக்கோ. நம்மளுதை மறந்தாப்ல அவகிட்ட உட்டுட்டு வந்துடாத. என் புள்ள போட்டது. அதை எடுத்துக்கினு அவ இன்னொரு வூட்டுக்குப் போவக் கூடாது."

"எது நம்மளுது? ரெண்டும் ஒரே மாதிரி இருக்குதே."

"எனக்கு இன்னாடி தெரியும், பத்து வருசம் ஆச்சி. அவ கழுத்துல இருந்தது. அவளையே கேளு."

போன் வைக்கப்பட்டது. சுதா பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. ஆசாரி பொட்டுகளைப் பார்த்தார், கல்பனா தெருவைப் பார்த்தாள்.

எது எது என்று சுதாவுக்குத் தெரியும். கல்யாணமான இரண்டாம் வருடம், அடிபம்பில் தண்ணீர் அடிக்கும்போது கைப்பிடியில் மாட்டி ஒரு பொட்டின் கொளுவி, கயிறு கோக்கிற வளையம், முறிந்துவிட்டது. அது மாமியார் வீட்டுப் பொட்டு. தன் அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று சொல்லி இளம்பரிதியே அதை எடுத்துப்போய்ப் புதுக் கொளுவி வைத்துக்கொண்டு வந்தான். புதுக் கொளுவி மற்றதைவிடக் கொஞ்சம் தடிமன். இரண்டையும் விரலால் தொட்டால் வித்தியாசம் தெரியும். கண்ணுக்குத் தெரியாது.

அம்மா எல்லம்மாள் தங்கள் வீட்டுப் பொட்டுக்காக ஒரு கறவை மாட்டை விற்றாள். அதையும் சுதா நினைத்துப் பார்த்தாள். அம்மாவிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம். அம்மா திட்டுவாள், அவ்வளவுதான்.

மெல்லிய கொளுவி உள்ள பொட்டை, அம்மா வீட்டுப் பொட்டை, அவள் ஒரு விரலால் ஆசாரியின் பக்கம் தள்ளினாள்.

"இதாங்க மாமியார் வீட்டுது."

"நல்லா பாத்து சொல்லும்மா. உருகிட்டா திருப்ப முடியாது."

"பாத்துட்டேன். இதுதான்."

ஆசாரி அதை ஒரு சின்ன மண் கிண்ணத்தில் போட்டு டார்ச்சைப் பற்றவைத்தார். முதலில் அரக்கு புகைந்தது. அறை முழுவதும் கருகல் வாடை. பிறகு பொட்டு ஓரத்தில் மடங்கியது, நடுவில் குழிந்தது, கடைசியில் ஒரு மஞ்சள் உருண்டையாக நின்று நடுங்கியது. குண்டுமணிகளையும் அதிலேயே போட்டார். கல்பனா குனிந்து பார்த்தாள். சுதா பார்க்கவில்லை. மேஜையில் மீதி இருந்த பொட்டின் மேல் அவள் உள்ளங்கை இருந்தது.

"அது உன்னுதும்மா, எடுத்துக்கோ" என்றார் ஆசாரி.

"இதுல இருக்கிற அரக்கை எடுத்துட்டு, உள்ள சாம்பல் வச்சி மூட முடியுமாங்க?"

ஆசாரி டார்ச்சை அணைத்தார். சுதாவைப் பார்த்தார். பிறகு கல்பனாவைப் பார்த்தார். வந்திருப்பதில் மாமியார் வீட்டு ஆள் அவள்தான்.

கல்பனா மேஜையில் இருந்த பொட்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். கட்டைவிரலால் கொளுவியைத் தேய்த்தாள். பிறகு அதே இடத்தில் வைத்தாள்.

"அவங்கம்மா வூட்டுதுதான. அவ இஷ்டம்" என்றாள்.

ஆசாரி பின்பக்கத் தகட்டைத் தூக்கி, சூடு காட்டி அரக்கை வழித்தார். காலியான பொட்டை ஒரு வெள்ளைத் தாளில் வைத்து சுதாவின் பக்கம் நகர்த்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். சுதா மாத்திரை டப்பாவைத் திறந்தாள். திருநீறு மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தாள். அப்படி இல்லை. மணல் மாதிரி நெறுநெறுவென்று இருந்தது, நடுநடுவே வெள்ளைக் கற்கள் போல. கொஞ்சம் எடுத்துப் பொட்டில் வைத்து விரல் நுனியால் அழுத்தினாள். இன்னும் கொஞ்சம் கொண்டது. தாளில் சிந்தியதையும் தாளை மடித்து உள்ளே தட்டினாள்.

"போதும்மா, அரக்குக்கு எடம் வேணும்" என்றார் ஆசாரி.

மாங்காய்கள் மூன்றும் புதன்கிழமை தயாராகிவிடும் என்றார். அன்றைக்கு மறுபடி சாம்பல் கொண்டுவர வேண்டும், டப்பாவை இங்கே வைத்துவிட்டுப் போகாதீர்கள் என்றார்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. செம்புப் பாத்திரம் கல்பனாவின் மடியில் இருந்தது. ஊர் எல்லை தாண்டியதும் அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தக் கொளுவியை எங்க மாத்தினாங்க தெரியுமா?"

சுதா திரும்பிப் பார்த்தாள்.

"கனகம்மாசத்திரத்துல. எங்க எதிர்வூட்டு ஆசாரிகிட்ட. எங்கண்ணன் என்கிட்டதான் கொண்டாந்து குடுத்துச்சி. அம்மாகிட்ட சொல்லாதன்னு சொல்லுச்சி. அந்த ஆசாரி தடியா வச்சிட்டான்னு நான்தான் சண்டை போட்டேன்."

சுதாவின் கை தானாகக் கைப்பையை இறுக்கியது. "அப்ப அங்கயே ஏன் சொல்லல?"

"உருகினப்புறம் சொல்லி இன்னா ஆவப் போவுது?"

"அதுக்கு முன்ன?"

"அதுக்கு முன்ன எனக்குத் தெரியல. நீ இதுதான்னு சொன்ன, நான் நம்பிட்டேன். நீ கையை வச்சி மூடிக்கினு நின்ன பாரு, அப்பதான் சந்தேகம் வந்துச்சி." கல்பனா பாத்திரத்தை மடியில் சரிசெய்துகொண்டாள். "டீச்சர் வேலை பாக்கிற, பொய் சொல்லக் கத்துக்கல."

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள்.

"அப்ப எங்க மூணு பேரு கழுத்துலயும் தொங்கப் போறது உங்கம்மா குடுத்த தங்கம்" என்றாள் கல்பனா.

"ஆங்."

"எங்கண்ணன் கல்யாணத்துல எனக்கு நாத்தனார் சேலை எடுத்தாங்களே உங்கம்மா, ஞாபகம் இருக்குதா? ஒரே தோய்ப்புல சாயம் போச்சி. இப்ப தங்கமே குடுத்துட்டாங்க."

சுதா சிரிக்கவில்லை. "அத்தைகிட்ட சொல்லப் போறியா?"

"தெரியல."

"கல்பனா."

"கேட்டா இன்னா சொல்வேன்னு எனக்கே தெரியல அண்ணி. அது எங்கம்மா. அவங்களும் புள்ளையைக் குடுத்துட்டு நிக்கிறாங்க. கேக்காத வரைக்கும் சொல்ல மாட்டேன். கேட்டா அப்ப பாத்துக்கலாம்."

அதற்குமேல் சுதா கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற வாக்குறுதிக்குக் கல்பனா கட்டுப்படுகிற ஆள் இல்லை.

புதன்கிழமை கல்பனா தனியாகப் போய் மாங்காய்களை வாங்கிவந்தாள். சாம்பலை அவளே போட்டாளாம். தும்மல் வந்துவிடப் போகிறதே என்று மூச்சை அடக்கிக்கொண்டு போட்டதாகச் சொன்னாள். மணியம்மை தன்னுடையதைச் சங்கிலியில் கோத்துப் போட்டுக்கொண்டு, அன்று முழுவதும் அதைத் தொட்டுக்கொண்டே இருந்தாள்.

அமாவாசையன்று காலை பச்சையப்பன் கிணற்றுக்கு மேற்கே குழி வெட்டினான். பங்காளிகள் சிலர் வந்திருந்தார்கள். பிளாஸ்டிக் டப்பாவிலிருந்து சாம்பலைச் செம்புப் பாத்திரத்துக்கு மாற்றினார்கள். எல்லாம் கொண்டது. பச்சையப்பன் மூடியைத் திருகி, குழிக்குள் இறங்கி, பெயர் வெட்டிய பக்கம் கிழக்கே பார்க்கும்படி வைத்துவிட்டு ஏறி வந்தான். கல்பனா போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அனிதா அழுதுகொண்டிருந்தாள்.

"எல்லாரையும் காட்டுக்கா. ஒவ்வொருத்தரா காட்டு."

கல்பனா போனைத் திருப்பினாள். அம்மா. அண்ணன். பங்காளிகள். சுதா பிடி மண் எடுக்கக் குனிந்திருந்தாள். பொட்டைக் கோத்துக் கழுத்தில் போட்டிருந்த கறுப்புக் கயிறு புடவைத் தலைப்பிலிருந்து நழுவி வெளியே வந்து ஆடியது.

"அண்ணி கழுத்துல இன்னா அது?" என்றது போன். "பொட்டு மாதிரி இருக்குதே."

எல்லோரும் பார்த்தார்கள். வேண்டுமென்று கேட்கவில்லை அனிதா. கேட்டுவிட்டாள், அவ்வளவுதான். சுதா நிமிர்ந்தாள். கையில் மண் இருந்ததால் கயிற்றை உள்ளே தள்ள முடியவில்லை.

மணியம்மை குழியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். பொட்டைக் கையில் எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்தாள்.

"இது எந்த வூட்டுது?"

"எங்கம்மா வீட்டுது அத்த."

மணியம்மை பொட்டை விடாமலே தலையைத் திருப்பினாள். "கல்பனா. நீதான கூட போன?"

கல்பனா போனைத் தாழ்த்தினாள். திரையில் இப்போது அவள் கால்தான் தெரிந்திருக்கும். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். சுதாவைப் பார்க்கவில்லை. பங்காளிகளில் ஒருவர் இருமினார்.

"ஆங், நான்தான் போனேன்" என்றாள். "நம்மளுதை என் கண்ணு முன்னாலதான் உருக்கினாரு. உன் கழுத்துல இருக்கிறது பின்னே இன்னா?"

மணியம்மையின் இன்னொரு கை தன் மார்பில் இருந்த மாங்காயைத் தொட்டது. இரண்டையும் இரண்டு கையிலும் எடை பார்ப்பதுபோல இருந்தது. பிறகு மருமகளின் பொட்டை விட்டாள்.

"அவங்க வூட்டுதுன்னா போட்டுக்கட்டும்" என்றாள் பங்காளிகளுக்கும் கேட்கும்படி. "அதுல நம்மளுது ஒண்ணும் இல்ல."

"இல்ல அத்த" என்றாள் சுதா.

அவள் கையிலிருந்த மண்ணைக் குழியில் போட்டாள். பச்சையப்பன் மண்வெட்டியை எடுத்தான்.